மூன்றடிக்குக் கீழே இரண்டு மீன்

2014 பிப்ரவரி மாதம். பெரியபட்டினத்தில் என் வீட்டுக்கு வானம் பறித்துக்கொண்டிருந்தார்கள். அஸ்திவாரக் குழியை எங்கள் பக்கம் வானம் என்றுதான் சொல்வோம். காலை வெயில் ஏறுவதற்கு முன்னால், தென்மேற்கு மூலையில் மண் அள்ளிக்கொண்டிருந்த சித்தாள் அம்மா நிமிர்ந்து கையை நீட்டினார்.

"பாய், ரெண்டு மீனு இருக்கு பாருங்க."

வாங்கிப் பார்த்தேன். உடைந்த பீங்கான் தட்டு ஒன்றின் அடிப்பாகம், உள்ளங்கையை நிறைக்கும் அளவு. கட்டைவிரலால் மண்ணைத் துடைத்ததும் பச்சை தெரிந்தது. பாசிப்பச்சையும் இல்லை, கிளிப்பச்சையும் இல்லை. ஐப்பசி மழைக்குப் பிறகு அப்பா தீவுப் பக்கம் ஆழம் குறைந்த கடலுக்கு ஒரு நிறம் வருமே, அது. அந்தப் பச்சைக்குள் ஒன்றின் வால் பக்கம் இன்னொன்றின் தலை வர, இரண்டு மீன்கள் புடைப்பாக நின்றன. செதில்கூடத் தெரிந்தது. புரட்டினால் வளையம் போல ஒரு கால். அந்தக் கால் மட்டும் பூச்சு இல்லாமல் செங்கல் நிறத்தில்.

திரும்பக் கொடுத்து, குழிக்குள்ளேயே போட்டுவிடச் சொன்னேன். அந்த அம்மா ஒரு நிமிஷம் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "போடுங்கம்மா, நேரமாகுது" என்றேன். போட்டார். அது மட்டுமல்ல, அந்த மூலையில் முன்னும் பின்னும் கிடைத்த சில்லுகள் ஒரு சட்டி நிறைய இருந்தன. அவற்றையும் கொட்டச் சொன்னேன். மதியத்துக்குள் மேலே ஜல்லியும் சிமெண்டும் விழுந்துவிட்டன.

அன்று நான் செய்ததை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. விவரம் தெரியாமல் செய்திருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது. என்ன அது, எவ்வளவு பழசு, அதை எடுத்தால் எப்படி எடுக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அதற்கு ஆறு மாதம் முன்னால்தான் பூமியின் மறுபக்கத்தில் ஒரு ஊரில் காசு செலவழித்து அதைத் தெரிந்துகொண்டு வந்திருந்தேன்.

நான் கப்பலில் போசனாக, அதாவது மேல்தளத்து ஆட்களுக்கு மேஸ்திரியாக, இருந்தவன். 2013 ஆகஸ்டில் எங்கள் கப்பல் துத்தநாகத் தாது ஏற்றுவதற்காகப் பெரு நாட்டின் கயாவோ துறைமுகத்தில் கட்டியிருந்தது. தலைநகர் லிமாவுக்கு அதுதான் வாசல். எனக்கும் எஞ்சின் பக்கம் வேலை பார்த்த ஒரு பிலிப்பினோ நண்பருக்கும் ஒன்பது மணி நேரம் கரையிறங்க அனுமதி கிடைத்தது. கப்பல்காரனுக்கு ஊர் பார்ப்பது என்றால் அவ்வளவுதான். ஒன்பது மணி நேரத்தில் ஒரு தலைநகரம்.

லிமாவைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது அதன் வானம். கடற்கரை ஊர்தான், ஆனால் பாலைவனம். தெற்கிலிருந்து வரும் குளிர்ந்த நீரோட்டம் கடலைச் சில்லிட வைத்துவிடுவதால் மேகம் மழையாகாமல் அப்படியே தொங்குகிறது. ஆகஸ்டு அங்கே குளிர்காலம். சூரியனே தெரியாது. அந்த வானத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் கழுதை வயிறு. முகத்தில் ஈரம் படுகிறது, தரை நனைவதில்லை. வருஷத்துக்கு நாலு மழையை நம்பிக் கிடக்கும் ராமநாதபுரத்துக்காரனுக்கு அந்த மேகங்களைப் பார்க்க ஏக்கமாக இருந்தது.

துறைமுகத்தில் மீன்மாவு வாடை. நெத்திலி இனத்து மீனைப் பிடித்து அரைத்து உலகத்துக்கே அனுப்புகிறது பெரு. அந்த வாடை எனக்கு அந்நியமாக இல்லை. கயாவோவைப் பற்றி டாக்சிக்காரர் சொன்ன இன்னொன்றும் அந்நியமாக இல்லை. 1746 அக்டோபர் 28 இரவு நிலநடுக்கமும் பின்னாலேயே கடலும் வந்து, ஐயாயிரம் பேர் இருந்த அந்தத் துறைமுகத்தில் சுமார் இருநூறு பேர்தான் மிஞ்சினார்களாம். என் வாப்பா தனுஷ்கோடி போன 1964 டிசம்பரைப் பற்றிப் பேசும்போது குரல் எப்படி இறங்குமோ, அந்த டாக்சிக்காரர் குரலும் அப்படி இறங்கியது. இத்தனைக்கும் அவர் சொன்னது இருநூற்று அறுபது வருஷத்துக்கும் முந்தைய சாவு.

பெரிய சதுக்கத்தைப் பார்த்தோம். 1535இல் பிசாரோ என்ற ஸ்பானியன் நிறுவிய நகரம் அது; அவன் எலும்பு கதீட்ரலுக்குள் இருக்கிறது. கூண்டு போல முன்னால் துருத்தி நிற்கும் மரப் பால்கனிகளைப் பார்த்தபோது கீழக்கரைப் பெரிய வீடுகளின் மரவேலை ஞாபகம் வந்தது. சான் பிரான்சிஸ்கோ தேவாலயத்தின் அடியில் மண்டை ஓடுகளையும் தொடை எலும்புகளையும் கோலம் போட்டது போல வட்டமாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். அதை நான் ரசிக்கவில்லை, சீக்கிரம் மேலே வந்துவிட்டேன்.

தேவாலயத்திலிருந்து நாலெட்டு நடந்தால் ஒரு பழைய வீடு. போதேகா இ குவாத்ரா வீடு என்று பெயர். லிமாவில் 1743இல் பிறந்து, ஸ்பானியக் கடற்படையில் சேர்ந்து, 1775இல் சின்னஞ்சிறு பாய்க்கப்பல் ஒன்றில் அலாஸ்கா வரை போய்வந்த மாலுமியின் குடும்ப வீடு அது. மாலுமி வீடு என்றதும் உள்ளே போனோம். உள்ளே வீடு இல்லை. வீட்டுக்கு அடியில் இருந்ததைத்தான் திறந்து வைத்திருந்தார்கள்.

மேலே நடைபாதை, கீழே தோண்டிய குழிகள். ஒரு காலத்துத் தரைக்குக் கீழே இன்னொரு காலத்துத் தரை, அதற்கும் கீழே இன்னொன்று. கூழாங்கல் பாவிய தளம், செங்கல் வாய்க்கால், எங்கள் ஊர் உறைகிணறு போல ஒன்று. பக்கத்து அறையில் கண்ணாடிக்குள் அங்கே கிடைத்த சாமான்கள். தட்டுச் சில்லு, கோப்பைச் சில்லு, எலும்பு, புகைக்குழாய். கண்ணாடியை நெருங்கி நின்ற என் நண்பர் திடீரென்று என் தோளைப் பிடித்தார். வெள்ளையும் நீலமுமாக நாலைந்து சீனப் பீங்கான் துண்டுகள்.

"இது எங்கள் ஊர் வழியாக வந்தது" என்றார்.

பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறார். 1565 முதல் 1815 வரை இருநூற்றைம்பது ஆண்டு, மணிலாவிலிருந்து மெக்சிகோவின் அகாபுல்கோவுக்குக் கப்பல் போனது. சீனத்துப் பட்டும் பீங்கானும் அதில் போய், அங்கிருந்து தெற்கே லிமா வரை இறங்கின. ஸ்பானிய அரசன் தடை போட்ட பிறகும் திருட்டுத்தனமாக வந்துகொண்டிருந்தன. எஞ்சின் அறையில் கிரீசோடு கிடக்கும் அந்த மனிதர் அவ்வளவு நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை. விளக்கம் சொல்ல அங்கே நின்றிருந்த பெண்ணிடமும் அதைச் சொன்னார். என் மகள் வயதுதான் அந்தப் பெண்ணுக்கு. கண் விரிந்து அவரோடு கைகுலுக்கியது. பிறகு என்னைப் பார்த்து, "நீங்கள் எந்த ஊர்?" என்றது.

"சென்னை" என்றேன்.

அந்தப் பதிலைத்தான் நான் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். சென்னையில் நான் சேர்ந்தாற்போல ஒரு மாதம் இருந்தவனில்லை. பெரியபட்டினம் என்றால் உலகத்தில் யாருக்குத் தெரியும் என்ற நினைப்பு வாயிலிருந்து சென்னை என்று வரவைத்தது. அதே கண்ணாடிக்கு முன்னால், அதே சீனத்துச் சில்லை வைத்துக்கொண்டு ஒருவர் தன் ஊரை உரிமை கொண்டாடினார். நான் என் ஊரை மறைத்தேன். மறைத்த ஊரில் அந்தச் சில்லுகளைவிட முந்நூறு வருஷம் பழைய சில்லுகள் வயல் முழுக்கக் கிடந்தன. எனக்கு அது தெரியும், பன்னிரண்டு வயதிலிருந்தே.

நாங்கள் பாண்டி விளையாடியதே அவற்றை வைத்துத்தான். ஓட்டுச் சில்லு உடைந்துபோகும். பச்சைச் சில்லு உடையாது, வழுக்கிப் போய்க் கட்டத்தில் சரியாக உட்காரும். என் லாத்தா, அக்காதான், பாவாடை மடியில் பத்துப் பன்னிரண்டு வைத்திருப்பாள். மழை பெய்து மண் கரைந்தால் பனங்காட்டுப் பக்கம் தானாக மேலே வந்து கிடக்கும். 1987இல் தஞ்சாவூரிலிருந்து தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் வந்து ஊரில் தோண்டினார்கள். கயிறு கட்டிச் சதுரம் சதுரமாகப் பிரித்து, தூரிகையால் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்ததைப் பள்ளிக்கூடம் விட்டு வந்து நின்று பார்த்திருக்கிறோம். இந்தச் சில்லுகளுக்காக இவ்வளவு பாடா என்று அப்போது நாங்கள் சிரித்தோம்.

பெரியவனான பிறகு கொஞ்சம் படித்தேன். பேராசிரியர் எ. சுப்பராயலு, ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா ஆகியோர் எழுதியதை. எங்கள் ஊரில் கிடைத்தவற்றில் பெரும்பகுதி 13, 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான். அந்தப் பச்சை, தென்சீனத்தில் லொங்சுவான் என்ற ஊர்ச் சூளைகளில் சுட்டது. திருப்புல்லாணிப் பெருமாள் கோயிலில் 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு ஒன்று, பவித்திரமாணிக்கப்பட்டினத்துச் சோனகர் பள்ளிவாசலுக்குக் கொடை கொடுத்ததைச் சொல்கிறது. அந்தப் பட்டினம் எங்கள் ஊர்தான் என்பது ஆய்வாளர்கள் முடிவு. பெருமாள் கோயில் கல்லில் எங்கள் பள்ளிவாசல். மொராக்கோப் பயணி இப்னு பதூதா கப்பலேறிய ஃபத்தன் என்ற அழகிய துறைமுகமும் இதுதான் என்று சொல்பவர்கள் உண்டு. இவ்வளவும் லிமாவுக்குப் போவதற்கு முன்பே எனக்குத் தெரியும். தெரிந்துதான் "சென்னை" என்றேன்.

அந்தப் பெண் எனக்கு ஒன்று சொல்லிக்கொடுத்தது. குழியின் சுவரைக் காட்டியது. மண் நிறம் அடுக்கடுக்காக மாறியிருந்தது. ஒவ்வோர் அடுக்கிலும் ஒரு சின்னச் சீட்டு. தெரிந்த கொஞ்ச இங்கிலீஷில் நிறுத்தி நிறுத்திச் சொன்னது: துண்டு முக்கியமில்லை, துண்டு எந்த அடுக்கில் எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்பதுதான் முக்கியம். எடுத்துவிட்டால் அது வெறும் சில்லு. இடத்தோடு சேர்ந்தால்தான் சேதி. நான் தலையாட்டினேன். மனசுக்குள் போய் உட்கார்ந்தது. அதை மறந்துவிட்டேன் என்று என்னால் சொல்ல முடியாது.

மிச்ச நேரத்தில் மிராப்ளோரஸ் போனோம். செங்குத்தான மண் பாறைக்கு மேலே நகரம், கீழே பசிபிக். அந்தப் பகுதியில் அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு நடுவே பெரிய மண்மேடு ஒன்று நிற்கிறது, உவாக்கா புக்யானா என்று பெயர். இன்காக்களுக்கும் பல நூறு ஆண்டு முந்தையவர்கள் கட்டியது. பச்சைச் செங்கல்லைப் படுக்க வைக்காமல், அலமாரியில் புத்தகம் அடுக்குவது போல நிற்க வைத்து, நடுவில் இடைவெளி விட்டுக் கட்டியிருக்கிறார்கள். பூமி ஆடினாலும் சுவர் பிளக்காமல் இருக்க அந்த ஏற்பாடாம். நகரம் பெருகியபோது சுற்றிலும் வீடு கட்டியவர்கள் அதில் பெரும்பகுதியை விழுங்கிவிட்டார்கள். 1981இல்தான் முறையாகத் தோண்டிக் காக்க ஆரம்பித்தார்கள். வேலியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். வீடு கட்டி விழுங்கினார்களே என்று அவர்கள் மேல் எனக்குக் கோபம்கூட வந்தது.

ஜனவரியில் ஊர் திரும்பினேன். பத்து நாள், திண்ணையில் வந்து உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் லிமாதான். கழுதை வயிற்று வானம், எலும்புக் கோலம், நிற்கும் செங்கல். "காக்கா, இன்னொரு தடவை சொல்லுங்க" என்று பிள்ளைகள் கேட்கும். சொல்வேன். வீட்டு அடியைத் தோண்டிக் கண்ணாடி போட்டு வைத்திருக்கிறார்கள் என்பதை மிகவும் விரும்பிச் சொல்வேன். நமக்கு ஏன் அந்த அக்கறை இல்லை என்று ஒரு தடவை சத்தமாகவே சொன்னேன். கேட்டவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள்.

அடுத்த மாதம் என் வானத்திலேயே மீன் வந்தது.

என் கணக்கைச் சொல்கிறேன். பதினெட்டு வருஷக் கடல் சம்பளம் அந்த வீட்டில் போயிருந்தது, மேலே கூட்டுறவு வங்கிக் கடன். ஜூனில் நான் திரும்பக் கப்பலேற வேண்டும். அதற்குள் கூரை போட்டாக வேண்டும். மகளுக்கு நிக்காஹ் பேசி வைத்திருந்தோம். அந்தத் தட்டைக் கையில் வாங்கிய நொடியில் எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். விஷயம் வெளியே போனால் அதிகாரிகள் வருவார்கள், கயிறு கட்டுவார்கள், வேலை நிற்கும். ஒருவேளை நிலமே போய்விடும்.

இந்தப் பயத்துக்கு ஆதாரம் என்ன என்று பின்னால் யோசித்தேன். எதுவும் இல்லை. 1987இல் தோண்டிய இடங்களில் யாருடைய வீடும் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. மண்ணுக்குள் கிடைத்த பழம்பொருளைக் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் சொல்கிறது. அது எனக்குப் பிறகு தெரிந்தது. ஆனால் சட்டம் தெரியாதது அல்ல என் குற்றம். ஒரு ஆளைக் கேட்டிருக்கலாம். ஒரு போன் போட்டிருக்கலாம். இரண்டு நாள் அந்த மூலையை மட்டும் விட்டுவிட்டு மற்ற பக்கம் வேலை பார்க்கச் சொல்லியிருக்கலாம், கொத்தனார் அதற்குத் தயாராகவே இருந்தார். குறைந்தபட்சம் ஒரு படம் எடுத்திருக்கலாம். லிமாவில் நூற்று நாற்பது படம் எடுத்த அதே போன் என் சட்டைப்பையில் இருந்தது.

பிறகு மனசு எனக்காக வாதாடிப் பார்த்தது. புக்யானாவில் பெரும்பகுதியை விழுங்கினார்களே, அந்த வீடுகளை யாராவது குறை சொல்கிறார்களா என்றது. குழியில் போட்டதால் அது அழியவில்லை, பத்திரமாகத்தான் இருக்கிறது என்றது. ஆனால் மேல் அடுக்குச் சில்லையும் கீழ் அடுக்குச் சில்லையும் ஒரே சட்டியில் கொட்டி, கலந்து, கவிழ்த்தவன் நான். அந்த மூலையில் எந்தக் காலத்துக்குக் கீழே எந்தக் காலம் இருந்தது என்பதை இனி எவராலும் படிக்க முடியாது. அந்தப் பெண் சொன்ன சேதி போய்விட்டது. சில்லு மட்டும்தான் இருக்கிறது.

நிக்காஹ் நல்லபடியாக நடந்தது. சமையலுக்கு வந்தவர்களில் அந்தச் சித்தாள் அம்மாவும் இருந்தார். பாத்திரம் கழுவிக்கொண்டே, "அந்த மீனு தட்டு நல்லாருந்துச்சு பாய்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அவருக்கு அதைக் கொடுத்திருந்தால் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். அவர் கையிலிருந்த நல்ல பொருளை அவர் கையாலேயே புதைக்க வைத்தேன். ஊருக்குச் செய்ததற்கு இணையாக அவருக்குச் செய்ததும் என்னை உறுத்துகிறது.

கீழடி அகழாய்வுச் செய்திகள் வர ஆரம்பித்த காலத்தில் எங்கள் வீட்டு டிவியில் ஓயாமல் அதுதான் ஓடும். சதுரக் குழி, கயிறு, தூரிகை. வீட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்து பார்க்கும். நான் எழுந்து போய்விடுவேன். உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பதினைந்து அடி தள்ளித்தான் அந்த மூலை.

வானம் பறித்த அன்று ஒரே ஒரு சில்லை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ரூபாய் நாணயம் அளவு, மீன் இல்லாதது. ஒருமுறை அதை எடுத்துக்கொண்டு ராமநாதபுரம் அரண்மனைக்குப் போனேன். ராமலிங்க விலாசத்தில் தொல்லியல் துறை அருங்காட்சியகம் இருக்கிறது. உள்ளே போய்ச் சொல்லிவிடுவதாகத்தான் வீட்டிலிருந்து கிளம்பினேன். சேதுபதிகள் காலத்துச் சுவரோவியங்களை இரண்டு சுற்று பார்த்துவிட்டு, சில்லோடு பஸ் ஏறித் திரும்பிவிட்டேன்.

சொல்லாமல் விட்ட விவரத்தை இங்கே எழுதுகிறேன். அந்த அம்மா எனக்குக் காட்டியபோது கொத்தனாரின் டேப்பு பக்கத்திலேயே கிடந்தது, அதனால் அளவு சரியாக நினைவிருக்கிறது. பழைய கிணற்றின் விளிம்பிலிருந்து நேர் மேற்கே இருபத்திரண்டு அடி, தெற்குச் சுற்றுச்சுவரிலிருந்து ஒன்பதடி. அன்றைய தரையிலிருந்து மூன்றடி இரண்டு அங்குலம் கீழே. மேல் ஒன்றரை அடி செம்மண்ணும் மணலும். அதற்குக் கீழே ஒரு சாண் கனத்தில் கரியும் சிப்பியும் கலந்த கருப்பு மண். தட்டு அந்தக் கருப்பு மண்ணுக்கும் கீழே, வெள்ளை மணலில் கவிழ்ந்து கிடந்ததாக அந்த அம்மா சொன்னார். அதே மணலில் பக்கத்தில் தவிட்டு நிறப் பெரிய ஜாடியின் கழுத்து ஒன்றும் இருந்தது. மற்ற சில்லுகள் எந்த மண்ணில் வந்தன என்று நான் கவனிக்கவில்லை.